நம் தெருவின் படங்கள், நம் தெருவின் சுவரில்

திருவனந்தபுரத்தில் எடுக்கப்பட்டு உலகமெல்லாம் சுற்றிய படம் ஒன்று உண்டென்றால் அது தும்பா ராக்கெட் ஏவுதளத்தின் சைக்கிள் படம்தான். ராக்கெட்டின் முனைக்கூம்பு ஒரு சாதாரணச் சைக்கிளின் கேரியரில் இருக்கிறது, இரண்டு பேர் அதைப் பத்திரமாக நடத்திக்கொண்டு போகிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1966இல் தும்பாவுக்கு வந்தபோது எடுத்தது. படத்தில் இருப்பவர்கள் சி.ஆர். சத்யா, வேலப்பன் நாயர். ஆனால் இந்தப் படம் பெரும்பாலும் எப்படிக் கைமாறுகிறது தெரியுமா? 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்ட நாளின் காட்சி என்ற குறிப்போடு. எடுத்தவர் பெயர் இருக்காது. இருப்பவர்கள் பெயரும் இருக்காது. ஆண்டும் தவறு.

அவ்வளவு பெயர்பெற்ற படத்துக்கே இந்த கதி என்றால், சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்கும் ஒருவரை நீங்கள் எடுத்த படத்துக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெருநகரக் கலைக்கூடத்தில் படத்துக்கு முன்னால் நிற்பவர் அந்நியர். தெருமுனை வாசகசாலையின் மாடியிலோ குடியிருப்போர் சங்கத்தின் கூடத்திலோ நிற்பவர் அந்தத் தொழிலாளியின் மகளாக இருக்கலாம். அவரேகூட வந்து நிற்கலாம். உள்ளூர் அரங்கில் வைக்கும் கண்காட்சிக்கு இதுதான் தனிப் பெருமை, தனிப் பொறுப்பும் இதுதான். எந்தப் படத்தை எடுப்பது, எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, கீழே என்ன எழுதுவது என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா முடிவுகளையும் அந்த மகள் வந்து நிற்பாள் என்று நினைத்துக்கொண்டே எடுங்கள்.

இடம்

நகரத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பாளையத்தில் 1896இல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் இருக்கிறது. 2019 முதல் அது அய்யன்காளி ஹால். வைலோப்பிள்ளி சம்ஸ்கிருதி பவன், தைக்காட்டு பாரத் பவன், மியூசியம் வளாகம், கனகக்குன்னு என்று அரசு சார்ந்த இடங்கள் வரிசையாக உண்டு. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள லலிதகலா அகாதமி ஓவியம், சிற்பத்தோடு புகைப்படத்துக்கும் மாநில விருது கொடுக்கிறது. கண்காட்சி வைக்க நினைப்பவர் அதன் அறிவிப்புகளை ஆண்டு முழுவதும் கவனித்து வர வேண்டும்.

இருந்தாலும் முதல் கண்காட்சிக்கு நான் பரிந்துரைப்பது இவற்றில் எதையும் அல்ல. அய்யன்காளி ஹாலின் உயரத்தில் உங்கள் பதினாறு படங்கள் காணாமல் போய்விடும். பெரிய இடத்துக்குப் பெரிய படம் வேண்டும், பெரிய படத்துக்குப் பெரிய செலவு வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருப்பவரோ பூந்துறையில் மீன் விற்பவரோ அந்த வாசல்களுக்குள் தாமாக நுழைவது அரிது.

கேரளத்துக்கு ஒரு வரம் உண்டு. பி.என். பணிக்கர் 1945இல் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கிவைத்ததிலிருந்து வளர்ந்த வாசகசாலைகள் இன்றும் ஊர்தோறும் இருக்கின்றன. பலவற்றில் கூட்டம் நடத்த ஒரு கூடம் உண்டு. காலையில் பத்திரிகை படிக்க வருபவர், மாலையில் கேரம் ஆட வருபவர், பரீட்சைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் என்று ஆட்கள் ஏற்கெனவே வந்து போகிற இடம் அது. யாரையும் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வலியசாலை, கரமனைப் பகுதிகளில் சமூக மண்டபங்களும் உண்டு. செயலாளரை நேரில் போய்ப் பாருங்கள். வாடகையைப் பேசுவதற்கு முன்னால் சுவரைப் பேசுங்கள்: ஆணி அடிக்கலாமா, மேலே கம்பி ஓடுகிறதா, இரவில் சாவி யாரிடம் இருக்கும், மழைச்சாரல் எந்தச் சுவரில் அடிக்கும்.

திறந்த வெளியும் ஒரு வழி. வெள்ளயம்பலத்தை ஒட்டிய மானவீயம் வீதி பாட்டுக்கும் நாடகத்துக்கும் படத்துக்கும் பழகிய தெரு. தெருவில் படம் வைப்பதற்கு இந்தியாவில் நல்ல முன்னுதாரணம் பி. சாய்நாத். 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் உழைக்கும் பெண்களை அவர் எடுத்த படங்கள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், தொழிற்சாலை வாசல், விவசாயத் தொழிலாளர் பேரணி என்று போய் நின்றன. இந்தியாவில் மட்டும் ஏழு லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். குளிர்பதன அரங்கில் அந்த எண்ணிக்கை கனவிலும் வராது.

காலம்

தென்மேற்குப் பருவமழை இந்தியப் பெருநிலத்தில் முதலில் தொடும் நகரங்களில் ஒன்று திருவனந்தபுரம். ஜூனில் அது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஓய்ந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை படத்துக்கு நல்ல காலம். டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வெளியூர் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து தாகூர் தியேட்டரைச் சுற்றி நிற்பார்கள். உங்கள் அரங்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் அந்த வாரத்தைப் பிடியுங்கள். தொலைவில் இருந்தால் அந்த வாரத்தைத் தவிருங்கள், ஊரின் கவனம் முழுக்க அங்கே இருக்கும்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். டாகுவேர் புகைப்பட முறை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தேதி. சங்கங்களும் கல்லூரிகளும் அன்றைக்குத்தான் கண்காட்சி வைக்கும், அதனால் கூட்டத்தில் ஒன்றாகிவிடுவீர்கள். ஆற்றுக்கால் பொங்கல் வாரத்தில் நகரச் சாலைகள் முழுக்க அடுப்புகள்தான், அப்போது படம் எடுங்கள், படம் வைக்க வேண்டாம். ஓண வாரம் கனகக்குன்னைச் சுற்றிய திருவிழாக் கூட்டம் பிடித்தால் சரி.

ஐந்து நாள் போதும். அதில் ஒரு ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். நேரத்தைக் காலை 10 முதல் மாலை 5 வரை என்று போடாதீர்கள். அது அலுவலக நேரம், உங்கள் பார்வையாளர் அப்போது வேலையில் இருப்பார். மதியம் 3 முதல் இரவு 8 வரை திறந்திருப்பது உத்தமம்.

எத்தனை படம்?

ஆசையை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுங்கள். 20 அடிக்கு 15 அடி என்று ஒரு கூடம். சுற்றளவு 70 அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, பீரோ நிற்கும் மூலை எல்லாம் கழித்தால் உருப்படியாக 50 அடி சுவர் மிஞ்சும். 12க்கு 18 அங்குலப் படம், சுற்றிலும் 3 அங்குல மவுண்ட், ஆக 24 அங்குல அகலம். அடுத்த படத்துக்கு ஓர் அடி இடைவெளி. ஒரு படத்துக்கு 3 அடி ஆகிறது. 50ஐ 3ஆல் வகுத்தால் பதினாறு. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றும். நாற்பது படம் வைத்தே தீருவேன் என்பவர் இரண்டு வரிசையாக அடுக்குவார், மேல் வரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள், கீழ் வரிசைக்குக் குனிய மாட்டார்கள்.

தேர்வு

கண்காட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். ‘கேரளத்தின் அழகு’ என்பது விஷயமாகாது. கோவளத்து அந்தி, கதகளி முகத்தின் நெருக்கக் காட்சி, தெய்யத்தின் தீப்பந்தம், இவை திறமையாக எடுக்கப்பட்டு ஏற்கெனவே எல்லாச் சுவர்களிலும் தொங்குகின்றன. தெய்யம் வடகேரளத்துக்கே உரியது, அதன் சடங்கும் சாதியும் ஆண்டுக் கணக்கும் அறியாமல் வண்ணத்துக்காக மட்டும் எடுத்த படம் கண்ணைப் பறிக்கும், அடுத்த நிமிடம் மறந்துபோகும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதை உங்களைப்போல் வேறு யாராலும் எடுக்க முடியாது. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். அவருக்கு அந்த ஒரு தெரு போதுமாக இருந்தது. உங்கள் கேமராவுக்கும் போதும்.

சாலைக் கம்போளத்தையே எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஆறு மாதத்தில் எடுத்த 900 படம் இருக்கிறது என்று வையுங்கள். கணினியில் பார்த்து நூறாகக் குறையுங்கள். அந்த நூறையும் 4க்கு 6 அங்குலத்தில் சாதாரண லேபில் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். திரையில் தேர்வை முடிக்காதீர்கள். திரையில் ஒரு படத்தைத்தான் ஒருநேரம் பார்க்க முடியும், தரையில் பரப்பினால்தான் படத்துக்குப் பக்கத்தில் படம் என்ன பேசுகிறது என்பது கேட்கும்.

பரப்பியதும் மறுபடி வருபவற்றைப் பாருங்கள். வாழைக்குலை தூக்குபவர்கள் ஏழு பேர் இருப்பார்கள். நீங்கள் பட்ட கஷ்டத்தை மறந்து, எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் வையுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் போய் நனைந்துகொண்டு எடுத்தது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த கதை, சுவருக்குத் தெரியாது. பிறகு, இல்லாததைப் பாருங்கள். ஆண்கள் மட்டும் இருக்கிறார்களா? கடைக்குப் பின்னால் வெங்காயம் பிரிக்கும் பெண்கள் எங்கே? முதலாளிகள் சிரிக்கிறார்கள், சுமட்டுத் தொழிலாளிகள் முதுகு மட்டும் தெரிகிறதா? இந்தக் கேள்வி வந்தபின் கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போவது நல்லது. பாதிக் கண்காட்சி இந்த இரண்டாம் சுற்றில்தான் உருவாகும்.

நூறை முப்பதாக நீங்கள் குறையுங்கள். முப்பதைப் பதினாறாக வேறொருவர் குறைக்கட்டும். அவர் புகைப்படக்காரராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. தெருவை அறிந்தவராக, உங்களுக்குப் பயப்படாதவராக இருக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஏன் என்று அவரிடம் கேளுங்கள், விலக்கியதற்கு வாதாடாதீர்கள்.

வரிசைப்படுத்துவதில் நேரத்தை நூலாகப் பிடிப்பது எளிய வழி. லாரி வரும் விடியலில் தொடங்கி ஷட்டர் இறங்கும் இரவில் முடிப்பது. இதில் தவறில்லை, ஆனால் எல்லோரும் செய்வது. பொருளின் பயணத்தைப் பிடிக்கலாம்: ஒரு வாழைக்குலை இறங்குவதிலிருந்து ஓர் அடுக்களைக்குப் போய்ச் சேரும் வரை. அல்லது ஒரே கடைக்காரரின் கை, முகம், கணக்குப் பேரேடு, வீட்டுச் சுவரில் அவருடைய அப்பாவின் படம் என்று ஒருவரையே சுற்றி வரலாம். வாசலிலிருந்து முதலில் கண்ணில் படும் சுவரில் உங்கள் மிகச் சிறந்த படத்தை வைக்காதீர்கள், இரண்டாவது சிறந்ததை வையுங்கள். சிறந்தது உள்ளே தனியாக, பக்கத்தில் நிறைய வெற்றுச் சுவரோடு இருக்கட்டும்.

வீட்டு அலமாரிப் படங்கள்

கேமராவே எடுக்காமல் ஒரு நல்ல கண்காட்சி வைக்க முடியும். திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இருந்த சக்கரியா டி’குரூஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நாட்டின் கோயில்கள், அணைகள், அரண்மனைகள், சாலைகளை எடுத்தார். அவருடைய படத்தொகுப்பு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது அரசின் கண். தெருவின் கண், 1940களிலிருந்து ஸ்டூடியோக்களில் எடுத்து வீட்டு அலமாரிகளில் கிடக்கும் படங்களில் இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி ஆவணப்படுத்தியது இந்த மதிப்பை அறிந்துதான். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்தவை. எல்லை மாறிய அந்த ஆண்டைச் சுற்றிய குடும்பப் படங்கள் இரண்டு ஊர்களிலும் இன்னும் இருக்கின்றன, பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆல்பத்தை வீட்டைவிட்டு வெளியே எடுத்து வராதீர்கள். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிறிய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரித்தெடுக்க முயல வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். ஸ்கேன் ஆகும்போது பாட்டி சொல்லும் கதையைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். படக்குறிப்பு எழுத உட்காரும்போது அதன் அருமை புரியும்.

பிரிண்டும் ஈரமும்

கணக்கு எளிது. பக்கத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் மிக நன்று, 200 இருந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. 12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000 புள்ளி. அதை 12க்கு 16 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 250 வருகிறது. ஆகவே போனில் எடுத்தேன் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். வாட்ஸப்பில் வந்த படத்தை மட்டும் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருங்கி வந்தது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

திரையில் பளிச்சென்று தெரிந்த படம் காகிதத்தில் இருண்டு வருவது புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் சேமியுங்கள், பெரும்பாலான லேப்கள் கேட்பது அதைத்தான். பிறகு மூன்று படத்தை மட்டும் சிறிதாகப் போட்டு வாங்கி, அரங்குக்கே கொண்டுபோய், அந்த விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். வாசகசாலைக் கூடங்களில் வெள்ளை டியூப்லைட்தான் இருக்கும், அதன் கீழ் தோலின் நிறம் சாம்பல் படர்ந்ததுபோல் ஆகிவிடும். மஞ்சள் கலந்த நல்ல எல்இடி விளக்குகளை வாடகைக்கு எடுத்து மேலிருந்து சாய்வாக அடிப்பது பிரேமுக்குச் செலவழிப்பதைவிட நல்ல செலவு.

காகிதம் மேட்டாக இருக்கட்டும். கடலோர ஊரில் ஜன்னல்கள் பெரியவை, எதிர்ச் சுவரில் உள்ள ஜன்னல் பளபளப்பான படத்தில் அப்படியே விழும். ஐந்து நாள் கண்காட்சிக்குக் கண்ணாடியே வேண்டாம். 5 மில்லிமீட்டர் சன்போர்டில் ஒட்டி வாங்கினால் எடையும் இல்லை, உடைவதும் இல்லை. கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்றால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு இருந்தே தீர வேண்டும். இந்த ஊரின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் சிறிய ரப்பர்க் குமிழ் ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்த கட்டை உடனே பிரிக்காமல், ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து பிரியுங்கள்.

வாசலில் வைக்கும் பேனருக்குப் பிவிசி ஃபிளெக்ஸ் கேட்காதீர்கள். கேரள அரசு அதை 2019இல் தடை செய்துவிட்டது. பருத்தித் துணியில் அச்சிட்டுத் தருவார்கள், பார்க்கவும் அதுதான் அழகு.

மாட்டுதல்

படத்தின் மையம் தரையிலிருந்து 58 அங்குலத்தில், அதாவது 4 அடி 10 அங்குலத்தில் வரட்டும். எல்லாப் படங்களுக்கும் மையம்தான் ஒன்றாக இருக்க வேண்டும், மேல் விளிம்பு அல்ல. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரும் இடமென்றால் 54க்கு இறக்குங்கள், பெரியவர்களுக்கு அதனால் நட்டமில்லை.

ஆணிக்கு ஒரு கணக்கு உண்டு. பிரேமின் உயரம் 18 அங்குலம் என்றால் பாதி 9. பின்னால் உள்ள கம்பியை நடுவில் இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நிற்கிறது. 58உடன் 9ஐக் கூட்டி 2ஐக் கழித்தால் 65. தரையிலிருந்து 65 அங்குலத்தில் ஆணி. தரை சரிந்திருக்கும் பழைய கட்டடங்களில் ஒவ்வொரு ஆணிக்கும் தரையிலிருந்து அளக்காதீர்கள். முதல் ஆணியை அளந்துவிட்டு, ரசமட்டம் வைத்து நூல் கட்டி மற்றவற்றைக் குறியுங்கள். ஆணி அடிக்க விடாத சுவரென்றால் மேலே கம்பி ஓட்டி, தங்கூஸ் நரம்பில் தொங்கவிடலாம். விழிஞ்ஞத்தில் வலைச்சாமான் விற்கும் கடைகளில் தடித்த நரம்பாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நரம்பு கட்டினால்தான் திரும்பாது.

மாட்டும் வேலைக்கு ஒரு முழு நாள் வேண்டும், மூன்று பேர் வேண்டும். திறப்பு விழா அன்று காலையில் மாட்டலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

படக்குறிப்பு

மலையாளமும் தமிழும் கட்டாயம். இடமிருந்தால் ஆங்கிலமும். மலையாளம் உங்களுக்கு எழுதத் தெரியாதென்றால் தெரிந்தவரிடம் எழுதி வாங்கி, வேறொருவரிடம் திருத்தி வாங்குங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சிட்டு ஊர்க்காரர்கள் முன்னால் தொங்கவிடுவது மரியாதைக் குறைவு. எழுத்து கைநீளத் தூரத்தில் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில் இருக்க வேண்டும், 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

என்ன எழுதுவது? பெயர், தொழில், இடம், மாதம், ஆண்டு. இந்த ஐந்தும் இல்லாமல் ‘உழைப்பின் வியர்வை’, ‘வாழ்க்கைப் பயணம்’ என்று தலைப்பு வைக்கிறவர்களிடம் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. அந்த மனிதருக்குப் பெயர் இருக்கிறது. நாற்பது வருடமாக ஒரே கடைத்திண்ணையில் மூட்டை தைக்கிறார். அதைக் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் சொன்னபடியே போட்டால் இன்னும் சிறப்பு. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள்.

சம்மதம்

பொது இடத்தில் படம் எடுப்பது வேறு, அதைப் பெரிதாக்கி அவருடைய தெருவிலேயே மாட்டுவது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியாயிற்று. சட்டம் போகட்டும், நாளை நீங்கள் மறுபடி அந்தத் தெருவில் நடக்க வேண்டும். 4க்கு 6 பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். “அண்ணாச்சி, போன மாசம் உங்க கடையில எடுத்த படம் இது. வாசகசாலை மாடியில வைக்கப் போறோம். உங்களுக்குச் சம்மதம்தானே?” படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் சம்மதம்தான் சம்மதம். அந்தச் சிறு பிரிண்டை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். காப்பகத்திலோ வழக்கிலோ உள்ள குழந்தையின் முகத்தையோ பெயரையோ காட்டுவதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது, யார் சம்மதித்தாலும் வேண்டாம்.

பதிப்புரிமையில் ஒரே ஒரு குழப்பம்தான் அடிக்கடி வரும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்குத்தான். கல்யாண வீட்டில் எடுத்த அற்புதமான படம் உங்களிடம் இருக்கலாம், அதை வைக்க அந்த வீட்டாரைக் கேட்க வேண்டும். நீங்களாக எடுத்த படத்துக்கு உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமராவும் போனும் கூடாது. எப்படியோ எடுத்த படம் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

திறப்பும் அதன் பிறகும்

அமைச்சரையோ நடிகரையோ திறக்கக் கூப்பிட்டால் அன்று கூட்டம் இருக்கும், கூட்டம் அவரைப் பார்க்கும். படத்தில் இருப்பவர்களில் மூத்தவர் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படத்தில் உள்ளவர்களின் குடும்பங்களுக்குத் திறப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லி, அவர்கள் மட்டும் நிதானமாகப் பார்த்துவிடட்டும். ஏதாவது குறிப்பு தவறென்று அவர்கள் சொன்னால் அங்கேயே திருத்த ஒரு பேனாவும் வெற்று அட்டைகளும் வைத்திருங்கள்.

அரங்கில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும், படங்களை எடுத்தவராக இருந்தால் நல்லது. மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் பேச வேண்டும். வருகைப் பதிவேட்டில் ‘நன்று’, ‘வாழ்த்துகள்’ என்று நிறையும். அதோடு இன்னொரு நோட்டு வையுங்கள், தலைப்பில் ஒரே கேள்வி: இந்தப் படங்களில் உங்களுக்குத் தெரிந்தவர் யார், அவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்? பழைய படக் கண்காட்சி என்றால் இந்த நோட்டுதான் கண்காட்சியின் பெரிய வரவு. பெயர் தெரியாத முகங்களுக்குக் கீழே பெயர்கள் வந்து சேரும், முரண்படும் தகவலும் வரும், இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள்.

பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு விளக்கவுரை வேண்டாம், ஆளுக்கொரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதில் தெரியும் பத்துப் பொருளை எழுதச் சொல்லுங்கள். இன்னும் ஒரு படி மேலே போகலாம். தூய்மைப் பணியாளர்களையும் மீன் விற்கும் பெண்களையும் பல ஆண்டுகளாக எடுத்துவரும் எம். பழனிகுமார், அவர்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தந்தார், அந்தப் பிள்ளைகள் எடுத்தவை கண்காட்சிகளாக வந்தன. உங்கள் அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் எடுக்காமல் இருப்பதும் ஒரு திட்டம்தான்.

ஆறாம் நாள் காலை படங்களை இறக்கியதும் பட்டியலை எடுங்கள். யார் படத்தில் இருக்கிறாரோ அவருக்கு அந்தப் பெரிய பிரிண்டைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றில் நான்கு பேர் இருந்தால் நால்வருக்கும் சிறிய பிரதி. பெயர், இடம், ஆண்டு கோத்த கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு வாசகசாலைக்கும் ஒன்று கொடுங்கள், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் வையுங்கள். தெரிந்தவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து அதே பென்டிரைவில் சேருங்கள். ஆணித் துளைகளைப் பட்டியால் அடைத்து, காய்ந்தபின் அதே நிறச் சுண்ணாம்பைத் தொட்டுவிட்டு, சாவியைச் செயலாளரிடம் ஒப்படைக்கும்போதே அடுத்த ஆண்டின் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.